நீல மருந்தும் தங்கமீனும்

வீட்டில் வளர்க்கும் மீன் செத்துப்போனால், "நமக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கொண்டு போயிற்று" என்று சொல்வது நம் நடுத்தர வர்க்க வீடுகளில் ஏறக்குறைய ஒரு மரபாகவே ஆகிவிட்டது. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அழுதுகொண்டிருக்கும் குழந்தையைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள். பிறகு தாங்களும் அதை நம்பத் தொடங்குகிறார்கள். தொட்டியை எந்த மூலையில் வைக்க வேண்டும், எத்தனை தங்கமீனுக்கு எத்தனை கறுப்பு மீன் என்றெல்லாம் வாஸ்து நிபுணர்கள் கணக்குச் சொன்ன பிறகு இந்த நம்பிக்கைக்கு ஒரு சாஸ்திரத் தோரணையும் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இந்த வாக்கியத்தின் மீது தீராத கோபம் உண்டு. அந்த மீனைக் கொன்றது அது இருந்த தண்ணீர். அந்தத் தண்ணீரை அப்படி வைத்திருந்தவர்கள் வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் தொட்டியையும் மீனையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தவர் கடைக்காரர். கொலைக்குத் தியாகம் என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஜோடி வாங்கி வருகிறோம்.

நான் பேச வந்தது எல்லா மீன் சாவுகளையும் பற்றி அல்ல. புதிதாக வைத்த தொட்டியில், முதல் ஒரு மாதத்திற்குள் தங்கமீன் படுத்துவிடுகிறதே, அந்த ஒன்றைப் பற்றி மட்டும். அதைப் பெரும்பாலும் பிழைக்க வைத்துவிட முடியும். மருந்துக்கடையில் கிடைக்காத, ஒரு வாளியும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே தேவைப்படுகிற சிகிச்சை அது. அதனால்தானோ என்னவோ அதை யாரும் சொல்வதில்லை.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், மீன் ஆளைக் கண்டதும் ஓடி வரும், வந்த விருந்தினர்கள் எல்லாரும் ஒரு சிட்டிகை தீனி போடுவார்கள். பிறகு ஒரு காலையில் அது அடியில் ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும். முதுகுத் துடுப்பு மடிந்திருக்கும். அல்லது நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாலில் சிவப்பு இழைகள் ஓடும். தீனியை வாயில் வாங்கித் துப்பிவிடும். கடைக்காரரிடம் போனால் மீனைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார், தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். "இன்ஃபெக்‌ஷன் சார்" என்பார். நீல மருந்து ஒரு புட்டி, டெட்ராசைக்ளின் என்ற மஞ்சள் தூள் ஒரு பொட்டலம். வாசலில் நின்று கூடுதலாக ஓர் உபதேசம்: "தண்ணி மொத்தத்தையும் கொட்டிட்டு, தொட்டி, கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் நல்லா தேச்சுக் கழுவிடுங்க."

இந்த உபதேசம்தான் மருந்தைவிட அதிகமான மீன்களைக் கொன்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

நடப்பது என்ன? நாம் உடலில் சேரும் கழிவு நைட்ரஜனை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறோம். மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியே நீரில் விட்டுவிடுகிறது. குளத்தில், ஆற்றில் அது கரைந்து காணாமல் போகும். கண்ணாடித் தொட்டியில் அது போக இடமில்லை. நீரில் அம்மோனியா கூடக் கூட, மீனின் உடம்பிலிருந்து அது வெளியேறுவதும் தடைப்படுகிறது; தன் நஞ்சு தன் இரத்தத்திலேயே தேங்குகிறது. செவுள் வீங்குகிறது. சுற்றிலும் பிராணவாயு இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிப்பது அதனால்தான். தங்கமீனுக்கு முறையான இரைப்பை கிடையாது. எவ்வளவு போட்டாலும் தின்னும், தின்றதற்கேற்பக் கழிக்கும். புதுத் தொட்டியில் முதலில் விடுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத மீனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் அதைத்தான் விடுகிறோம், பொன்னிறம் என்பதால்.

இதில் நம் ஊர்த் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. நீரில் கரைந்த அம்மோனியா முழுவதும் ஒரே அளவில் நச்சு அல்ல. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு சொச்சம்தான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். சென்னை போன்ற ஊர்களில் காரம் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில், கோடையில், குளிர்ந்த நீரை விரும்பும் ஒரு மீனை வைக்கிறோம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கப்படுகிற உயிர் அது.

பழைய தொட்டியில் ஏன் இது நேர்வதில்லை? அங்கே ஃபில்டரின் பஞ்சிலும் அடிக்கல்லிலும் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கின்றன. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதிகம் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் குடியேற்றம் முழுமையாக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். புதுத் தொட்டி பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தில் இன்னும் யாரும் வேலைக்கு வரவில்லை.

இந்த அறிவு நேற்று வந்ததல்ல என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. நாம் இன்று காணும் மீன்தொட்டியின் வரலாறே இரண்டு சிறிய தங்கமீன்களில் இருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். லண்டனில் மருந்து வணிகர் சங்கத்தின் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரு பாத்திரத்தில் வைத்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகலைத் தின்பதற்கு நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. 1850இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கவனியுங்கள், நீர் கலங்கியபோது அவர் மருந்து தேடவில்லை. அழுகும் பொருளை யார் உண்பது என்று கேட்டார். அவரே மருந்து தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர் என்பது ஒரு சுவையான விஷயம்.

அவருக்குத் தெரியாமல் போன பாதி, நைட்ரஜனின் பாதி. 1877இல் பிரான்சில் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே மெதுவாக ஒழுகவிட்டார்கள். ஏறத்தாழ இருபது நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோயிற்று. செய்தது உயிர்கள் என்பது அப்போது நிரூபணமானது. நம் வரவேற்பறையில் நடப்பது அதே சோதனைதான். அந்த இருபது நாள் காத்திருப்பில் ஒரு மீனை உள்ளே விட்டுவிடுகிறோம். அது தவிக்கும்போது குளோரோஃபார்முக்குப் பதில் நீல மருந்தை ஊற்றுகிறோம். இந்த மாற்றம் இரண்டு கட்டங்களாக, இரண்டு வேறு வகை உயிர்களால் நடக்கிறது என்பதைப் பின்னர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காட்டியவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வைத்திருந்தவரின் மகன்! அந்த உயிர்களைப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890இல் வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நாம் நினைத்திருந்த பாக்டீரியா அல்ல, நைட்ரோஸ்பைரா என்ற வேறொன்று என்று 1998இல் தெரிந்தது. இரண்டு கட்டத்தையும் ஒரே உயிரே செய்துவிடவும் கூடும் என்று 2015இல் தெரிந்தது. அறிவியல் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. கடைப்பலகையின் இந்தப் பக்கத்துக்கு அதில் ஒரு வரிகூட வந்து சேரவில்லை.

நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. நியாயமாகச் சொன்னால் அது மோசமான பொருள் அல்ல. 1876இல் சாயமாகப் பிறந்தது, 1891இல் பால் எர்லிக் அதை மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். மருத்துவ வரலாற்றில் அதற்கு மரியாதையான இடம் உண்டு. மீன் முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். தனி வாளியில் மீனை வைத்துக் கொடுத்தால் சில நோய்களுக்குப் பயன்படவும் செய்யும். தொட்டிக்குள் ஊற்றினால் அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் நுண்ணுயிர்களையும் அது தாக்குகிறது. டெட்ராசைக்ளினோ பாக்டீரியாவைத் தாக்குவதற்கென்றே உள்ள மருந்து. எந்தக் கிருமி என்று தெரியாமல், கிருமி உண்டா என்றுகூடத் தெரியாமல், ஓர் ஆன்டிபயாடிக்கைத் தேக்கரண்டியால் அளந்து ஊற்றிப் பிறகு அதைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டுகிற சமூகம், மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துத் திடுக்கிடுவதில் அர்த்தமில்லை. தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதோ மிச்சமிருப்பதையும் துடைத்தெடுத்துவிடுகிறது. நாட்காட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்புகிறது. இரண்டு நாள் புதுத்தண்ணீரில் மீன் தெளிவடையும். "மருந்து கேட்டுவிட்டது" என்பார்கள். பத்தாம் நாள் மீண்டும் படுக்கும். இப்படி மூன்று சுற்று தாங்கிய மீன்களை நான் பார்த்திருக்கிறேன். நான்காவது சுற்றைப் பார்த்ததில்லை.

என் நண்பர் ஒருவர், கவிதை எழுதுபவர், 60 லிட்டர் தொட்டியில் இரண்டு ஒரண்டா மீன்கள் விட்டிருந்தார். பத்தாம் நாள் இரண்டும் படுத்துவிட்டன. அவர் வாங்கிய கடை நீல மருந்தைத்தான் பரிந்துரைத்தது. நான் போனபோது புட்டி இன்னும் திறக்கப்படவில்லை. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை: லிட்டருக்கு 4 மில்லிகிராம் அம்மோனியா. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே வெப்பத்தில், குளோரின் நீக்கிய நீரை ஊற்றினோம். 4 என்பது 2 ஆயிற்று. சில மணி நேரம் கழித்து மறுபடி பாதி. 1 ஆயிற்று. கணக்கு அவ்வளவுதான், எந்த மருந்தும் இந்தக் கணக்கைச் செய்யாது. குழாய் நீரின் குளோரினுக்குச் சோடியம் தயோசல்ஃபேட் சில சொட்டுகள் போதும். வாளியில் ஒரு நாள் வைத்திருந்தாலும் பறந்துவிடும். தீனியை மூன்று நாள் நிறுத்தினோம். நண்பரின் தாயாருக்கு இதுதான் பெரிய பாவமாகப்பட்டது. "நோயாளியைப் பட்டினி போடலாமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கமீன் ஒரு வாரம் பட்டினியை எளிதாகத் தாங்கும், அது தின்பதெல்லாம் நாளைய நஞ்சு என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு விஷயம். தீனி டப்பாவை ஒளித்து வைத்தோம். இன்னொரு ஏர் பம்ப் வைத்தோம். இரண்டு ஆண்டுகளாக ஓடுகிற ஒருவருடைய தொட்டியிலிருந்து ஸ்பான்ஜ் ஃபில்டரின் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உள்ளே போட்டோம். கறுப்பாகச் சேறு அப்பிய அந்தத் துண்டைக் கண்டு நண்பர் முகம் சுளித்தார். அந்த வீட்டில் அன்று இருந்த பொருட்களில் அந்த மீனுக்கு மிகவும் வேண்டியது அதுதான்.

ஒரு மீன் இரண்டாம் இரவு செத்துப்போயிற்று. செவுள் கெட்டுப்போனால் நீர் மாற்றம்கூட உதவாது. மற்றது நான்காம் நாள் எழுந்து நீந்தியது. துடுப்போரங்களிலும் வயிற்றிலும் கறுப்புத் திட்டுகள் தோன்றின. நண்பர் நள்ளிரவில் அழைத்தார். அவை அம்மோனியா சுட்ட புண் ஆறும்போது வரும் நிறம், சில வாரங்களில் மறைந்துவிடும். மூன்றாம் வாரம் அது மீண்டும் மேலே வந்து வாயைத் திறந்தது. இம்முறை அம்மோனியா இல்லை. முதல் கட்ட உயிர்கள் வந்துவிட்டன, இரண்டாம் கட்டம் இன்னும் வரவில்லை. நைட்ரைட் ஏறியிருந்தது. அது இரத்தத்துக்குள் போனால் சிவப்பணுவின் நிறமியே மாறிப் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், இரத்தம் பழுப்பாகும். இங்கேதான் உப்பு உண்மையிலேயே மருந்து. உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசலில் போட்டிக்கு நின்று அதைத் தடுக்கிறது. பத்து லிட்டருக்கு ஒரு கிராம், அந்தத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி. சாதாரண உப்புதான். உப்பு ஆவியாகாது, ஆகவே மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டுமே பிறகு சேர்க்க வேண்டும். கடைக்காரர்களும் உப்புப் போடச் சொல்வதுண்டு. எதற்கு, எப்போது, எவ்வளவு என்று மட்டும் சொல்வதில்லை. ஐந்தாம் வாரம் இரண்டு சோதனைகளும் பூஜ்யம் காட்டின.

இதையெல்லாம் சொல்லும்போது சில நண்பர்கள் மறுக்கிறார்கள். மீனுக்கு உண்மையான நோய்களே வராதா என்கிறார்கள். வரும். உடம்பெங்கும் உப்புப் பரல்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஒட்டுண்ணி, அதற்கு மருத்துவம் வேறு. அந்த ஒட்டுண்ணியும் பெரும்பாலும் கெட்ட நீரில் தளர்ந்த மீனைத்தான் பிடிக்கிறது. ஆகவே தண்ணீரைச் சோதிக்காமல் மருந்தை எடுக்காதே என்பது அங்கும் பொருந்தும். திடீரென்று நீரை மாற்றினால் மீன் அதிர்ச்சியில் செத்துவிடாதா என்கிறார்கள். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பழைய தொட்டியில் அந்த அபாயம் உண்டு. அங்கே நீர் அமிலமாகியிருக்கும், காரமான புதுநீர் பட்டதும் தூங்கிக்கொண்டிருந்த அம்மோனியா விழித்துக்கொள்ளும். பத்து நாள் வயதுள்ள தொட்டியில் பழைய நீரும் அதே குழாயிலிருந்து வந்ததுதான்.

கடைக்காரர் என்ன செய்வார், பாவம், என்பது இன்னொரு வாதம். "இன்று தொட்டியை வாங்கிக்கொண்டு போங்கள், மீனுக்கு ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால் குழந்தையோடு வந்தவர் அடுத்த கடைக்குப் போவார் என்பது உண்மைதான். ஆனால் இந்த அறிவு தொழிலுக்குள் இல்லாதது அல்ல. அலங்கார மீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் சென்னைக்குள்ளேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் மீன் வளர்க்கும் ஒருவர் தன் சிமெண்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அன்றே குஞ்சுகளை விடமாட்டார். தண்ணீர் பழக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தன் மீனுக்குப் பொருந்தும் விதி விற்ற மீனுக்கு ஏன் பொருந்தாமல் போகிறது? 50 ரூபாய் மீன் செத்தால் இன்னொரு 50 ரூபாய் வரும் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

நம் எழுத்தாளர்களையும் விட்டுவிட முடியாது. மீன்தொட்டி நவீன கவிதையில் தேய்ந்துபோன படிமம். மாநகரத் தனிமை, அடுக்குமாடிச் சிறை, இல்லத்தரசியின் அலுப்பு என்று எதற்கு வேண்டுமானாலும் அந்த மீன் சுற்றிச் சுற்றி வந்து கொடுத்திருக்கிறது. அதற்கு மூன்று நொடிதான் நினைவு என்றொரு பொய்யையும் நாம் பரப்பியிருக்கிறோம். தங்கமீனைப் பழக்க முடியும், பழகியதை அது மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். 2022இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் சக்கரம் பூட்டிய தொட்டியை ஒரு தங்கமீன் தானே ஓட்டி இலக்கை அடைவதைக் காட்டினார்கள். படிமத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. அந்த மீன் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து "அது ஏதோ சொல்ல வருகிறது" என்று எழுதுகிறவர், அது மூச்சுத் திணறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர் இல்லையா? பார்ப்பதுதானே நம் தொழில்? என் கவிஞ நண்பர் இந்தக் கேள்விக்கு இன்னும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதை இத்தாலியில் மோன்சா நகரம் 2004இலும் ரோம் 2005இலும் தடை செய்தன. செய்தி வந்தபோது நாம் சிரித்தோம். 1956இல் ஒரு சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் இங்கிலாந்தில் 43 வயது வரை வாழ்ந்து 1999இல் செத்தது. ஒரு மாதம் தாண்டினால் ஆச்சரியப்படுகிற நம் வீடுகளில் இந்த எண்ணைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஏற்கெனவே நீல மருந்தை ஊற்றிவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரில் கிளர்வூட்டிய கரி ஒரு பை வையுங்கள். மீன் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கரி அந்த நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும், எவ்வளவு நன்றாக என்றால் கரியின் தரத்தை அளப்பதற்கே தொழிற்சாலைகளில் மெத்திலீன் புளூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் நிறமற்றுப் போனதும் கரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய தொட்டியின் அழுக்குப் பஞ்சைப் போடுங்கள். பிறகு ஒரு மாதத்துக்கு அந்தப் பஞ்சைக் குழாயடியில் காட்டாதீர்கள்.